காதலிக்க நேரமில்லை: பழைய படமே பார்க்காதவர்களை உட்காரவைத்துப் பார்ப்பது எப்படி

வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை இருந்து, 'காதலிக்க நேரமில்லை' என்ற பேரைக் கேட்டதுமே "ஐயோ, பழைய படமா" என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறது என்றால் இது உங்களுக்குத்தான். படம் வந்தது 1964 பிப்ரவரியில். அறுபது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் டிவியில் பாதிப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொண்டால்கூட ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள், "நாகேஷ் கதை சொல்ற சீன் இருக்கே..." என்று ஆரம்பிப்பார்கள், சொல்ல வருவதற்குள் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும், கேட்டவருக்கு ஒன்றும் புரியாது.

காமெடியை விளக்கி ஒருத்தரைச் சிரிக்கவைக்க முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்ட முடியும். எனக்குத் தெரிந்தவரை இந்தப் படத்துக்கும் நாகேஷுக்கும் ஒரே ஒரு சாவிதான். நாகேஷ் பேசும்போது அவரைப் பார்க்காதீர்கள், அவர் யாரிடம் பேசுகிறாரோ அவரைப் பாருங்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்குத்தான் போய்ச் சேரும்.

சரியான படத்தைப் பிடிப்பது

முதல் சிக்கல் பேரிலேயே இருக்கிறது. 2025 பொங்கலுக்கு இதே பேரில் ஒரு புதுப் படம் வந்தது. கதைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பேரை மட்டும் தட்டித் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும், அதனால் இயக்குநர் ஸ்ரீதர் பேரையோ 1964 என்ற வருஷத்தையோ சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்தது, துண்டு துண்டாக வெட்டிப் போட்ட காமெடி கிளிப்புகளில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நாகேஷ் கதை சொல்லும் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு "ம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அந்தக் காட்சியில் சிரிப்பு வருவதற்குக் காரணம் அதற்கு முன்னால் ஓடிய படம். எதிரே உட்கார்ந்திருக்கிற அப்பாக்காரர் எப்படிப்பட்ட கறார் பேர்வழி, பணம் என்றால் எப்படி முகம் மாறுகிறவர், மகனை எவ்வளவு மட்டமாக நினைக்கிறவர் என்பது தெரியாமல் பார்த்தால் அதில் பாதிதான் கிடைக்கும்.

பிரதி கொஞ்சம் சுத்தமாக இருப்பது முக்கியம். ஈஸ்ட்மென் கலரில் எடுத்த படம். முழுக்க முழுக்கக் கலரில் ஒரு சமூகப் படம், அதுவும் காமெடிப் படம் என்பது அன்றைக்குத் தமிழில் பெரிய புதுமை. ஏ.வின்சென்ட் ஒளிப்பதிவு. மெரினாக் கடற்கரையும், பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறும் படத்தில் பளிச்சென்று இருக்கும். வெளிறிப்போன பிரதியில் பார்த்தால் அந்த வெயிலும் தண்ணீரும் போய், வெறும் பழைய படமாகத் தெரியும், பிள்ளை எழுந்து போவதற்கு அது ஒரு காரணமாகிவிடும்.

இரண்டரை மணி நேரத்துப் படம். சாப்பிட்டு முடித்துவிட்டு, மறுநாள் விடுமுறை இருக்கிற ராத்திரி பாருங்கள்.

யாரோடு, எப்படி

தனியாக மட்டும் பார்க்காதீர்கள். இது கூட்டத்துக்காக எடுத்த படம், தியேட்டரில் சிரிப்புச் சத்தம் அடங்கட்டும் என்று நடிகர்கள் ஒரு வினாடி இடம் விட்டு விட்டுப் பேசுகிற படம். மூன்று நான்கு பேராவது இருக்கட்டும். பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் அவர்களை நடுவில் உட்காரவையுங்கள். அவர்களுக்கு வசனம் மனப்பாடமாக இருக்கும், அதுதான் பிரச்சினையும். வசனம் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் சொல்லிவிட்டால் புதிதாகப் பார்க்கிறவருக்குச் சப்பென்று போய்விடும். முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள், "பாட்டி, இன்னைக்கு மட்டும் நாகேஷ் முதல்ல சொல்லட்டும், நீங்க அப்புறம் சொல்லுங்க" என்று.

உங்களுக்கும் இதே விதிதான். "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்லக் கூடாது. பிள்ளையின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறதா என்று சோதிக்கவும் கூடாது. யாராவது நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

பாட்டுகளை ஓட்டிவிடுவதா வேண்டாமா என்பார்கள். ஓட்டாதீர்கள். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. 'என்ன பார்வை உந்தன் பார்வை', 'அனுபவம் புதுமை', 'நெஞ்சத்தை அள்ளிக் கொஞ்சம்' எல்லாம் எங்கேயாவது காதில் விழுந்திருக்கும், "ஓ, இது இந்தப் படத்துப் பாட்டா" என்று பிள்ளை நிமிர்ந்து உட்காருவது அங்கேதான். 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லலாம். வேலை போன இளைஞன் முதலாளியின் பேரைச் சொல்லிக் கோஷம் போடுகிற பாட்டு அது, இசையமைத்த இருவரில் ஒருவர் பேரும் விஸ்வநாதன். தெரிந்து கேட்டால் கூட ஒரு சிரிப்பு.

கதை, தேவையான அளவுக்கு

குழப்பம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகிற படம் என்பதால் யார் யார் என்பது மட்டும் முதலில் தெரிந்தால் நல்லது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அவர்தான் டி.எஸ்.பாலையா. இரண்டு பெண்கள், காஞ்சனா, நிர்மலா. ஒரே பையன் செல்லப்பா, அவர்தான் நாகேஷ். சினிமா எடுக்கிறேன் என்று 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற பேரில் கம்பெனி ஆரம்பித்துவிட்டு அப்பாவிடம் பணத்துக்கு அலைகிறவர். எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக்கை, அதாவது இந்தப் படத்தில் அறிமுகமான ரவிச்சந்திரனை, விஸ்வநாதன் வேலையை விட்டு அனுப்புகிறார். அவன் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து உட்கார்ந்துகொள்கிறான், நிர்மலாவைக் காதலிக்கிறான், விஸ்வநாதனை மடக்குவதற்காகத் தான் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று புளுகுகிறான், அந்தக் கோடீஸ்வர அப்பாவாக வேஷம் போடத் தன் நண்பன் வாசுவைக் கூப்பிடுகிறான். வாசு முத்துராமன். வந்து பார்த்தால் வாசு சென்னையில் காதலித்த காஞ்சனா இதே வீட்டுப் பெண். கிழவன் வேஷத்தில் வந்து மாட்டிக்கொண்டாயிற்று. போதாததற்கு வாசுவின் நிஜ அப்பா சதாசிவமாக வி.எஸ்.ராகவன் வேறு வந்து சேர்கிறார், அவர் விஸ்வநாதனுக்குப் பழைய நண்பர். மீதியை நான் சொல்ல மாட்டேன்.

பார்க்கும்போது மனதில் ஒரு கணக்கு மட்டும் ஓடட்டும்: இந்த நிமிஷத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது. நமக்கு எல்லாம் தெரியும். விஸ்வநாதனுக்கு எதுவும் தெரியாது. நடுவில் இருக்கிறவர்களுக்குப் பாதிப் பாதி. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதிய திரைக்கதையின் சூட்சுமம் இதுதான். ஒவ்வொரு காட்சியிலும் தெரிந்தவர் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது ஒரு புளுகு கூடும், எதையும் யாரும் சும்மா பேசுவதில்லை. அதனாலேயே படத்தில் வில்லன் என்று ஒருத்தர்கூட இல்லை, தேவைப்படவும் இல்லை. புளுகே வில்லன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இதில் ஆச்சரியம், ஸ்ரீதர் அதுவரை கண்ணீருக்குப் பேர்போனவர். 'கல்யாணப் பரிசு' 1959, 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962. கைக்குட்டை இல்லாமல் தியேட்டருக்குப் போக முடியாத படங்கள். அந்த ஆள்தான் இதையும் எடுத்தார். யோசித்துப்பார்த்தால் முக்கோணக் காதலில் எதை யாரிடம் மறைக்க வேண்டும், எப்போது உடைக்க வேண்டும் என்ற அதே கணக்கைத்தான் இங்கே சிரிப்புக்குத் திருப்பியிருக்கிறார்.

அந்தக் காட்சியை மூன்று விதமாகப் பார்ப்பது

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். செல்லப்பா தன் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிற காட்சி. படம் முழுக்கப் பார்த்து முடித்தபிறகு, அன்றைக்கே அல்லது மறுநாள், இதை மட்டும் திரும்ப எடுத்துப் போடுங்கள். இப்போது கிளிப் பார்க்கலாம், தப்பில்லை.

ஒரு தடவை, நாகேஷை மட்டும். அவரிடம் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். திகில் கதை சொல்கிறார், ஆனால் திகிலுக்கு வேண்டிய சத்தம் எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகிறது. கதவு திறக்கிற சத்தமும் அவரே, அதைக் கேட்டுத் திடுக்கிடுகிறவரும் அவரே. கண்ணை விரிப்பார், குரலை அடியோடு தாழ்த்துவார், நாம் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்கிற நேரம் பார்த்துச் சட்டென்று உயர்த்துவார். ஒல்லியான உடம்பு, கை கால் எல்லாம் தனித்தனியாக வேலை செய்கிற உடம்பு. கதையில் ஒரு மண்ணும் கிடையாது என்பது இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் உறைக்கும். யார் வந்தார், எதற்கு வந்தார், ஒன்றும் விளங்காது. ஆனாலும் அடுத்து என்ன என்று நமக்கே இருக்கும்.

அப்புறம் ஒரு தடவை, சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு, பாலையாவை மட்டும். இதைச் செய்யாமல் விடாதீர்கள். முதலில் அவர் முகத்தில் இருப்பது ஒரு முதலாளியின் சலிப்பு. இந்தத் தறுதலை என்ன உளறப்போகிறானோ என்கிற அலுப்பு. அந்த அலுப்பு எந்த இடத்தில் கரைகிறது என்று தேடுங்கள். சரியாக ஒரு புள்ளியைக் காட்டவே முடியாது. கொஞ்சம் ஆர்வம், அப்புறம் லேசான கவலை, அதை மகன் பார்த்துவிடக் கூடாதே என்று ஒரு மிடுக்கு, அந்த மிடுக்கையும் மீறிக்கொண்டு பயம். கண் முழி பிதுங்கி, வாய் உலர்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போகிறார் மனிதர். ஒரு பைசா தர மாட்டேன் என்று சொன்ன முதலாளி, அந்தக் கம்பெனியின் முதல் ரசிகராக ஆகிவிட்டார். டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து, வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட ரசிகர். சத்தமே இல்லாமல் பார்த்தாலும் உங்களுக்குச் சிரிப்பு வரும், பந்தயம்.

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு வெறும் சத்தம். ஒரு காலத்தில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று படத்தின் வசனத்தை மட்டும் போடுவார்கள், கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் வசன ரெக்கார்டு ஓடும். படமே பார்க்காமல் காதால் மட்டும் இந்த மாதிரிக் காட்சிகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. நாகேஷின் வேகம் அப்படியும் நின்றது. கேட்டுப்பாருங்கள், அவர் விடுகிற இடைவெளிகள்தான் காதில் விழும். அந்த இடைவெளிகளை அவர் எதற்கு விடுகிறார்? பாலையாவுக்கு. எதிரே இருக்கிற மனிதர் பயப்படுவதற்கு நேரம் தருகிறார். தானே எல்லாச் சிரிப்பையும் அள்ளிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற நடிகர் அந்த ஒரு வினாடியைத் தர மாட்டார்.

இதைப் பிள்ளைக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். "அந்தப் பெரியவரை மட்டும் பாரு" என்று ஒரு தடவை சொன்னால் போதும், மீதியை அதுவே சொல்லும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. இதே படம் தெலுங்கில் 'ப்ரேமிஞ்சி சூடு' என்று 1965இல் வந்தது, இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று 1966இல் வந்தது. இந்தியிலும் படத்தை இயக்கியது ஸ்ரீதர்தான். செல்லப்பாவாக மெஹ்மூத், அப்பாவாக ஓம் பிரகாஷ். மெஹ்மூதுக்கு அதற்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அவர்கள் இருவரும் செய்த கதை சொல்லும் காட்சியையும் எடுத்துப் பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதுவும் பிரமாதமாகத்தான் இருக்கும், வடக்கே அதைத்தான் அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அங்கேயும் பயப்படுகிற முகம் சரியாக அமைந்ததுதான் காரணம். எது உசத்தி என்று வீட்டில் ஒரு சண்டை வரட்டும், நல்லதுதான். என் ஓட்டு பாலையாவுக்கு.

பாலையாவைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லை, ஒரு பத்தி

ஏனென்றால் பிள்ளை கட்டாயம் கேட்கும், "இவர் யாரு?" என்று. 1936இல் 'சதி லீலாவதி'யில் நடிக்க வந்தவர், எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். நாடக மேடையில் இருந்து வந்து பல வருஷம் வில்லனாக மிரட்டியவர். 'திருவிளையாடல்' பார்த்திருந்தால் 'ஒருநாள் போதுமா' என்று கர்வத்தோடு பாடுகிற ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்திருந்தால் தவில்காரர். இத்தனை வருஷம் வில்லனாக நடித்தவரிடம் ஒரு கனம் இருக்கும் பாருங்கள், அந்தக் கனம்தான் இங்கே மூலதனம். கனமானவர் வழுக்கினால்தானே சத்தம் பெரிதாகக் கேட்கும்.

இந்தப் படத்தில் அவருடைய இன்னொரு இடத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். கூடாரம் போட்டுக் கலாட்டா செய்துகொண்டிருந்த அசோக்கை அதுவரை அவன் இவன் என்று விரட்டிக்கொண்டிருந்தவர், அவன் பெரிய பணக்காரர் மகன் என்று நம்பியதும் கோடீஸ்வர வேஷத்தில் இருக்கிற வாசுவிடம் குழைந்துகொண்டு கேட்பார்: "அசோகர் உங்க மகருங்களா?"

அவ்வளவுதான். மூன்றே வார்த்தை. அசோக்குக்கும் ஒரு 'ர்', மகனுக்கும் ஒரு 'ர்'. மரியாதை எங்கே போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் கொட்டிவிடுகிறார். அந்த மனிதருக்குப் பணத்தின் மேல் எவ்வளவு பக்தி என்று பத்து நிமிஷம் வசனம் பேசிப் புரியவைக்கலாம், இவர்கள் இரண்டு எழுத்தில் முடித்துவிட்டார்கள். இதை மட்டும் வேறு மொழியில் சப்டைட்டில் போட்டுக் காட்ட முடியாது, தமிழ் பேசுகிறவனுக்கென்றே எழுதியது. வீட்டில் பிள்ளை தமிழில் கொஞ்சம் தட்டுத்தடுமாறுகிறது என்றால் இந்த ஒரு இடத்தில் மட்டும் படத்தை நிறுத்தி விளக்கலாம், அனுமதி உண்டு.

உறுத்துகிற இடங்களை என்ன செய்வது

இருக்கின்றன. இல்லை என்று சாதிக்காதீர்கள். காதல் என்பது முதலில் பெண்ணை வம்பிழுப்பதில் ஆரம்பிக்கிறது, துரத்துவது பாட்டாகிறது. கிழவன் வேஷத்தில் இருக்கிற வாசு காஞ்சனாவைச் சுற்றிவந்து 'காதலிக்க நேரமில்லை' என்று பாடுகிற இடத்தில், வேஷம் என்று நமக்குத் தெரியும், அதனால் சிரிக்கிறோம். ஆனால் காஞ்சனாவின் இடத்திலிருந்து பார்த்தால் என்ன என்று இன்றைய பெண்பிள்ளை கேட்கும். கேட்கட்டும். "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று வாயை அடைக்காதீர்கள், அதைச் சொன்ன கணமே படம் உண்மையிலேயே பழையதாகிவிடும். "ஆமா, அது எனக்கும் உறுத்துது" என்று சொல்லிவிட்டு மேலே பாருங்கள். ஒரு படத்தில் பத்து நிமிஷம் பிடிக்காமல் போனால் மீதிப் படம் முழுக்கப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மாறாக இன்னமும் பழசாகாதது ஓஹோ புரொடக்‌ஷன்ஸ். கம்பெனிக்குப் பேர் தயார், ஆபீஸ் தயார், கதாநாயகி எஸ்டேட் மேனேஜர் பெண் மீனாட்சி என்பதும் முடிவு. கதையும் பணமும்தான் பாக்கி. இன்றைக்கு இந்த ஆளை உங்களுக்குத் தெரியாதா? சேனலுக்கு லோகோ செய்து வைத்துவிட்டு என்ன வீடியோ போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிற அண்ணன் ஒருத்தன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். செல்லப்பாவைப் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வது இதனால்தான். மீனாட்சியாக வருகிற சச்சுவையும் விட்டுவிடாதீர்கள். குழந்தை நட்சத்திரமாக வந்து, கதாநாயகியாகவும் நடித்துவிட்டு, இந்தப் படத்தில்தான் காமெடிக்கு வந்தார். செல்லப்பா நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற இடங்களில் மறுபடியும் அதே விளையாட்டுதான், நாகேஷ் கொடுக்கிறார், சச்சு வாங்கித் திருப்பி அடிக்கிறார்.

நாகேஷ் பிடித்துப்போய்விட்டால், அடுத்து

முதலில் அதே 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்'. கே.பாலசந்தர் எழுத்து, கிருஷ்ணன் பஞ்சு இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் பணக்கார வீட்டு உருப்படாத பிள்ளை, இன்னொரு பக்கம் ஓட்டலில் தட்டு ஏந்துகிற ஏழை. அதிலும் முத்துராமன் இருக்கிறார், நண்பராக. இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்தால் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். அம்மைத் தழும்பு விழுந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கதாநாயகனாக நின்ற படம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாராபுரத்தில் வளர்ந்து, ரயில்வே ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு நாடகத்தில் நுழைந்தவர். வயிற்றுவலிக்காரனாக ஒரு சின்ன வேஷத்தில் வந்து, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆரிடமே பாராட்டு வாங்கியவர்.

அடுத்து 1965இன் 'திருவிளையாடல்', தருமி. இதையும் சாவியைப் போட்டுப் பாருங்கள்: இங்கே கேட்கிறவர் சிவாஜி கணேசன். அவ்வளவு பெரிய நடிகர், அதுவும் சிவபெருமானாக நின்றுகொண்டு, ஒரு பஞ்சத்துப் புலவன் புலம்புவதையும் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பதையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். யார் யாருக்கு இடம் விடுகிறார்கள் என்று கவனித்தால் பொழுது போவதே தெரியாது.

1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள், ஏனென்றால் அங்கே அதே பேச்சுத் திறமை விஷமாகிறது. மோகனாவின் அம்மாவைப் பேசிப் பேசியே கரைக்கிறார். செல்லப்பா அப்பாவைப் பயமுறுத்தியது போலத்தான் இதுவும் நடக்கிறது, வாயைத் தவிர வேறு ஆயுதம் இல்லை, ஆனால் சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு அருவருப்பும் வரும். அதே 1968இல் 'எதிர்நீச்சல்', மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கிற மாது. இதுவும் பாலசந்தர்.

பிற்காலத்துக்கு வந்தால் 1989 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன், 1994 'நம்மவர்'. நம்மவரில் சிரிப்பு கிடையாது, மகளை இழந்த அப்பா. தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது, அவ்வளவு காலம் கழித்து.

ஆனால் பிள்ளைக்குச் சிரிப்புதான் வேண்டும் என்றால் அதே வருஷம் வந்த 'மகளிர் மட்டும்' போடுங்கள். நாகேஷ் அதில் பிணம். ஆமாம், பிணம்தான். வசனம் கிடையாது, கண் திறக்கக் கூடாது, ஊர்வசியும் ரேவதியும் ரோகிணியும் படுகிற பாட்டுக்கு நடுவில் சாய்ந்து சரிந்து கிடக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் கதவுச் சத்தம் வரைக்கும் வாயால் செய்தவர், இங்கே வாயைத் திறக்கவே இல்லை. மூன்று பெண்களும் பதறுவதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம், அவர் சும்மா கிடக்கிறார். சாவு வீட்டுச் சமாச்சாரம் என்று பாட்டி முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள், அந்தச் சுளிப்பு முதல் பத்து நிமிஷம்தான்.